கொடுக்க மனம் போதுமா?

அக்காவுக்கு இரத்தப் புற்றுநோய். உடன்பிறந்தவரின் குருத்தணுக்கள் முழுமையாகப் பொருந்த 25 சதவீத வாய்ப்பே உண்டு, என்னுடையவை பொருந்தின. கொடுக்க மனம் போதும் என்றிருந்தேன். மருத்துவரோ என் சர்க்கரை அளவைப் பார்த்தார். கட்டுப்படாத நீரிழிவு, எலும்பு மச்சையிலிருந்து குருத்தணுக்கள் இரத்தத்துக்கு வருவதைக் குறைக்கலாம். வயதோடு அவற்றில் சேரும் மரபணு மாற்றங்களும் பெறுபவருக்குப் போகலாம்.

என் சர்க்கரை இறங்கும்வரை அக்கா காத்திருந்தாள். ‘என் உடம்பு, என் பாடு’ என்று மாத்திரையைத் தவறவிட்ட நாட்கள் உறுத்தின.

நோய் குற்றமல்ல. யாருக்கோ தேவைப்படும் என்று வாழ்நாளெல்லாம் உடம்பைக் காவல் காக்கவும் முடியாது. ஆனால் என் உடம்பு எனக்கு மட்டுமானது என்று இனிச் சொல்லமாட்டேன்.

கொடையாளர் பதிவேடுகளில் நம்மவர் குறைவு, இளையவர்களையே தேடுகிறார்கள். மகளிடம் சொன்னேன். “யோசிக்கிறேன் அப்பா” என்றாள். வற்புறுத்தவில்லை. மனமும் வேண்டுமே.