இளைப்பாறுங் காலத்தை அணுகினோர்க்குப் புதுத்தொழிற் பயிற்சி

உத்தியோகத்தினின்று இளைப்பாறுதற்கு மூன்று நான்கு ஆண்டுகளே எஞ்சியிருக்கும் ஒருவருக்குப் புதிய தொழில்முறையைக் கற்பித்தல் தகுமோ தகாதோ என்னும் வினா இக்காலத்திலே பலவிடங்களிலும் எழுகின்றது. இது பொருட்கணக்கு மாத்திரமன்று. நீதி பற்றிய வினாவுமாம். ஆதலின் இதனைச் சிறிது ஆராய்வாம்.

தகாதென்பார், இளைஞருக்குக் கற்பித்தால் முப்பதாண்டு பயன் விளையுமென்றும், முதியவருக்குக் கற்பித்தால் அப்பயன் மூன்றாண்டில் முடிந்துவிடுமென்றும் கூறுவர். இக்கூற்று பொருத்தமுடையது போலத் தோன்றும், ஆராயின் நில்லாது. இளைஞர் முப்பதாண்டும் ஓரிடத்திலே தொழில் செய்வர் என்பது நிச்சயமன்று. அவர் கற்கும் தொழில்முறைதானும் அத்துணைக் காலம் மாறாதிருப்பதில்லை.

இனி, உழைக்குங் காலத்தை நீட்டியவர் யாவர்? இலங்கையிலே 2021 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், தனியார்துறைத் தொழிலாளர் இளைப்பாறும் ஆகக்குறைந்த வயதை 60 ஆக உயர்த்திற்று. யப்பானிலே, தொழிலாளர் 70 வயதுவரை உழைத்தற்கு வழிசெய்ய முயலுதல் தொழில்கொள்வோரின் கடனென 2021 ஏப்ரில் முதல் விதிக்கப்பட்டது. காலத்தை நீட்டியபின் அக்காலத்துக்கு வேண்டிய அறிவைக் கொடாதொழிதல், வயலை அளந்து கொடுத்து வாய்க்காலை அடைத்தலை ஒக்கும். சிங்கப்பூர் அரசினர் 2024 ஆம் ஆண்டிலே, 40 வயதும் அதற்கு மேலுமுடைய தம் குடிகளுக்குத் தொழிற்பயிற்சியின் பொருட்டு 4000 வெள்ளி வரவு வைத்தமை இக்கடனை உணர்ந்த செயலாம்.

ஆயினும், பொருள் மாத்திரம் போதாது. கற்பிக்கும் முறையும் வேண்டும். அச்சுக்கூடத்தை நோக்குக. ஈயவெழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கோத்துக் கைபழகிய ஒருவர்முன் கணினியை வைத்தபொழுது, அவர் அறியாதது அக்கருவியை இயக்கும் முறை ஒன்றே. பிழை காணுங் கண்ணும், வரி அமைக்கும் அளவும், பக்கத்தின் ஒழுங்கும் அவரிடம் முன்னமே உள்ளன. அவரை ஒன்றுமறியாதவராகக் கருதித் தொடங்குவோர், உள்ள அறிவை வீணாக்குவதுடன் அவர் மனத்தையும் நோகச்செய்வர். தம் பிள்ளைகளையொத்த வயதினர் முன்னே பிழைவிட நாணி, வினாவாது வாளாவிருக்கும் முதியோர் பலர். அதனைப் பிடிவாதமென்று கொள்ளுதல் தவறு.

முதியோர்க்கும் கடனுண்டு. "இத்தனை காலமும் இதுவின்றியே செய்தோம்" என்பது விடையாகாது. 2020 மார்ச்சு மாதத்திலே இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டு, இணையவழியாகக் கற்பிக்க நேர்ந்தபொழுது, ஆசிரியர் கல்லாதுவிடின் இழப்பவர் மாணாக்கரே என்பது வெளிப்படையாயிற்று. முயன்றும் கண்ணும் உடலும் இடங்கொடாதவர்க்கோ, அவர் அனுபவம் பயன்படும் வேறு பணியைக் கொடுத்தலே முறையாம்.

ஆசிரியர்களாகிய நாம் இவ்விடயத்திலே பிறரை நோக்கி நிற்றல் தகாது. நம் பாடசாலையிலே இளைப்பாறுதற்கு அணித்தாயுள்ள ஆசிரியர் ஒருவர் புதியதொன்றை அறியாது இடர்ப்படுவாராயின், இளையவர் ஒருவர் பாடம் முடிந்தபின் அவரோடு தனித்திருந்து காட்டுக. பாடத்தை மாணாக்கர் உளங்கொளச் சொல்லும் வகையை அவ்விளையவர் அவரிடம் கேட்டறிக. இருவரும் கற்பர், ஒருவரும் நாணார். முதியவரை இன்று நாம் நடத்தும் முறையே நாளை நாம் நடத்தப்படும் முறையாகும் என்பதை மறவாதிருப்போமாக.