முறையீட்டுக்கு முன்னால் வரும் எண்

விரல்நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், சில நிமிடக் காத்திருப்பு. சர்க்கரை நோயாளிகள் பல ஆண்டுகளாகச் செய்துவரும் இந்த வேலையை, எந்த நோயும் இல்லாதவர்களும் இப்போது செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்கள் பார்க்க நினைப்பது உடலுக்குள் அழற்சி எவ்வளவு இருக்கிறது என்பதை. கொரோனா காலத்து லேப் ரிப்போர்ட்டுகளால் நம் வீடுகளுக்கும் அறிமுகமான சி.ஆர்.பி. என்ற புரதத்தை வீட்டிலேயே அளக்கும் கருவிகள் மேலை நாடுகளில் விற்கின்றன. ரத்தச் சொட்டை அட்டையில் உலர்த்தித் தபாலில் ஆய்வகத்துக்கு அனுப்பும் வசதியும் உண்டு. வாங்குகிறவரின் கேள்வி ஒன்றுதான்: நான் நலமாக இருக்கிறேனா? அதற்கு ஓர் எண் பதில் சொல்லுமா என்று கேட்டால், மருத்துவத்தோடு தத்துவமும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் முதலாம் நூற்றாண்டில் அழற்சிக்கு நான்கு அடையாளங்களை எழுதிவைத்தார்: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. நான்கும் கண்ணுக்கும் கைக்கும் தெரிபவை. முள் குத்திப் பழுத்த காலில் அழற்சி இருக்கிறதா என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. 1930-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் வில்லியம் டில்லெட்டும் தாமஸ் ஃபிரான்சிஸும் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் சி.ஆர்.பி.யைக் கண்டார்கள். எங்கோ கிருமி நுழைந்தாலோ காயம் பட்டாலோ கல்லீரல் இதைச் சுரக்கிறது. சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, இரண்டு நாளில் உச்சத்துக்குப் போய், காரணம் நீங்கியதும் மளமளவென்று இறங்கிவிடும். கடுமையான தொற்றில் ஆயிரம் மடங்குகூட ஏறும்.

பிற்பாடு மிகச் சிறிய அளவையும் பிடிக்கும் நுண்ணிய பரிசோதனைகள் வந்தன. 2003-இல் அமெரிக்க சுகாதார அமைப்புகள் எல்லை வகுத்தன: லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இதய நோய் ஆபத்து குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3-க்கு மேல் அதிகம். சிவப்போ வீக்கமோ வலியோ இல்லாத, உடையவருக்கே தெரியாத ஓர் அழற்சி இப்படித்தான் பிறந்தது.

உடையவருக்குத் தெரியாத நோய் நோய்தானா? பிரெஞ்சு அறுவை மருத்துவர் ரெனே லெரிஷ் ஆம் என்றார். ஒருவர் வேறு காரணத்தால் இறக்கிறார். பிரேதப் பரிசோதனையில் சிறுநீரகத்தில் புற்றுநோய் தெரிகிறது. வாழ்ந்த நாளில் அவர் அதை அறியவே இல்லை. ஆனாலும் நோய் இருந்ததுதானே என்பது லெரிஷின் வாதம். இதற்குப் பதில் எழுதியவர் ஜார்ஜ் கங்கிலெம். தத்துவ ஆசிரியராக இருந்துகொண்டே மருத்துவம் படித்தவர். நாஜிகளை எதிர்த்த தலைமறைவு இயக்கத்தில் இருந்தவர். 1943-இல் சமர்ப்பித்த மருத்துவ ஆய்வேட்டில் அவர் சொன்னதன் சாரம் இது: ‘எனக்கு முடியவில்லை’ என்று ஒரு மனிதர் முறையிட்ட இடத்தில்தான் மருத்துவம் தொடங்கியது. இன்று மருத்துவர் நோயாளியை முந்திக்கொண்டு நோயைக் கண்டுபிடிக்கிறார் என்றால், முன்பு எத்தனையோ நோயாளிகள் முறையிட்டதால்தான் எதைத் தேட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது.

இந்த வரிசையை வீட்டுக் கருவி தலைகீழாக்குகிறது. முதலில் எண் வருகிறது. அதற்கேற்ற முறையீட்டை மனிதர் பிறகு தேடிக்கொள்கிறார். காலையில் எண் 4 என்று காட்டினால், மாலைக்குள் முழங்காலில் ஏதோ வலிப்பதுபோல் தோன்றிவிடும்.

வீட்டில் ரத்தம் பார்ப்பதே வீண் என்று இதற்குப் பொருளல்ல. ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கப் பொறியாளருக்கு 12 வயதிலேயே சர்க்கரை நோய் வந்தது. ரத்தச் சர்க்கரையை அளக்கும் கருவி 1969-இல் மருத்துவர்களுக்கு மட்டுமே விற்கப்பட்டது. விலை சுமார் 650 டாலர். பெர்ன்ஸ்டைன், மருத்துவரான தம் மனைவியின் பெயரில் ஒன்றை வாங்கி, நாளுக்குப் பல தடவை அளந்து, உணவையும் இன்சுலினையும் அதற்கேற்ப மாற்றினார். அவர் கண்டதைக் காதுகொடுத்துக் கேட்க ஆளில்லை. ஆகவே 45 வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து தாமே மருத்துவரானார். 90 வயதுவரை வாழ்ந்தார். அவர் கையில் இருந்த எண் அடுத்த வேளை என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொன்னது.

சி.ஆர்.பி. அப்படிச் சொல்வதில்லை. வாசலில் மணி அடிக்கிறது. வந்தது யாரென்று தெரியாது. ஈறு வீங்கியிருக்கலாம், ஜலதோஷம் வந்துபோயிருக்கலாம், முந்தின நாள் மாரத்தான் ஓடியிருக்கலாம். வயிற்றுக் கொழுப்பும் புகைப்பழக்கமும் கருத்தடை மாத்திரையும்கூட இதை உயர்த்தும். 10-ஐத் தாண்டினால் தொற்று ஏதும் உண்டா என்று பார்த்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி அளக்கச் சொல்கிறது அதே 2003 வழிகாட்டுதல்.

ஆனாலும் மணியோசையை அலட்சியம் செய்யாதவர் ஒருவர் உண்டு. சான் டியேகோவின் கணினி விஞ்ஞானி லேரி ஸ்மார் தம் ரத்தத்தைத் தொடர்ந்து பரிசோதித்துவந்தபோது, சி.ஆர்.பி. விடாமல் உயர்ந்தே இருப்பதைக் கவனித்தார். அறிகுறி ஏதுமில்லாததால் மருத்துவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு வயிற்றின் இடப்பக்கம் வலி வந்தது. மலப் பரிசோதனை, குடல்நோக்கிப் பரிசோதனை என்று தேடிப்போனதில், குடலில் அழற்சி உண்டாக்கும் குரோன் நோய் என்று தெரிந்தது. லெரிஷுக்குச் சாதகமான கதைதான். ஆனால் அவரைக் காப்பாற்றியது எண் மட்டுமல்ல, அந்த எண்ணிலிருந்து ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, விடை கிடைக்கும்வரை அதைக் கைவிடாத அவருடைய பிடிவாதமும்தான்.

கூட்டத்தைப் பற்றிய உண்மைக்கும் தனிமனிதருக்கும் இடையிலுள்ள தூரம் இன்னொரு சிக்கல். 2024-இல் இதய நோய் ஆய்வாளர் பால் ரிட்கர் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் 27,939 அமெரிக்கப் பெண்கள் 30 ஆண்டுகள் கவனிக்கப்பட்டார்கள். தொடக்கத்தில் ஒரே ஒரு முறை எடுத்த ரத்தத்தில் சி.ஆர்.பி. மிக அதிகமாக இருந்த பிரிவினருக்கு, மிகக் குறைவாக இருந்தவர்களைவிட 70 விழுக்காடு கூடுதல் இதய ஆபத்து இருந்தது. பெரிய கண்டுபிடிப்பு, சந்தேகமே இல்லை. ஆனால் அந்த உயர்ந்த பிரிவிலும் பெரும்பாலோருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வரவில்லை. வாரந்தோறும் விரலைக் குத்திக்கொள்ளவும் இந்த ஆய்வு சொல்லவில்லை.

எண்ணைக் கீழே கொண்டுவருவதே நலம் என்ற எண்ணத்தையும் சோதித்துப் பார்த்தாகிவிட்டது. முன்பே மாரடைப்பு வந்து, சி.ஆர்.பி.யும் உயர்ந்திருந்த 10,061 பேருக்கு அழற்சியை மட்டும் அடக்கும் கனகினுமாப் ஊசி மருந்தையோ போலி மருந்தையோ கொடுத்துப் பார்த்த கேன்டோஸ் ஆய்வின் முடிவு 2017-இல் வந்தது. 150 மில்லிகிராம் அளவு பெற்றவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவை 15 விழுக்காடு குறைந்தன. கூடவே உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின. மொத்த மரணங்களில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. கங்கிலெம் நலத்துக்குக் கொடுத்த விளக்கத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. நோயில் விழுந்து எழ முடிவதே நலம் என்றார் அவர். கிருமி வந்தால் கொதித்தெழும் திறன் உடலுக்கு வேண்டும். எப்போதும் பூஜ்யத்தில் கிடக்கும் அழற்சி ஆரோக்கியத்தின் சின்னமல்ல.

இத்தனைக்கும் பிறகு, வீட்டுக் கருவி கொண்டுவரும் ஒரு பாரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. அளக்க முடியும் என்றானதும் அளக்காதவர் பொறுப்பற்றவராகத் தெரிகிறார். எண் ஏறினால் தின்றதும் தூங்காததும் குற்றங்களாகின்றன. அடிமையாகப் பிறந்த, கால் ஊனமுற்ற எபிக்டெட்டஸ் என்ற ஸ்டோயிக் ஞானி, நம் கையில் இருப்பவை, இல்லாதவை என்று உலகத்தைப் பிரித்தபோது, உடலை இரண்டாவது பக்கத்தில் வைத்தார். அது மிகையான பிரிவுதான். புகைப்பதை நிறுத்துவது நம் கையில் இருக்கிறது. ஆனால் வயதும் மரபணுவும் இரவு வேலையும் வறுமையும் சேர்ந்து எழுதும் எண்ணுக்கு ஒரு தனிமனிதரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது கொடுமை.

எண்ணோடு நோயாளியின் முறையீட்டையும் கேட்கும் மதிப்பீடு ஒன்றும் உண்டு; முடக்குவாத மூட்டழற்சி நோயாளிகளுக்கு மருத்துவர்கள் கணக்கிடுவது அது. அதில் 28 மூட்டுகளைத் தொட்டுப் பார்த்து, எத்தனை வலிக்கின்றன, எத்தனை வீங்கியிருக்கின்றன என்று எண்ணுகிறார்கள். சி.ஆர்.பி. அளவைச் சேர்க்கிறார்கள். பிறகு 0 முதல் 100 வரையிலான ஒரு கோட்டை நோயாளியிடம் நீட்டி, இப்போது எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு புள்ளி வைக்கச் சொல்கிறார்கள். நான்கையும் சேர்த்துத்தான் மருந்தை மாற்றுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார்கள்.