'அவன் பார்த்துக்கொள்வான்' என்றால்...

ஒரு நாளைக்கு எத்தனை முறை 'எல்லாம் அவன் பார்த்துக்கொள்வான்' என்கிறோம், எண்ணிப் பார்த்ததுண்டா சகோதரிகளே? பையனின் பிளஸ் டூ ரிசல்ட், மகளுக்குத் தட்டிப் போகும் வரன், மாமியாரின் முழங்கால் ஆபரேஷன்... அத்தனையையும் பூஜையறையில் இறக்கி வைக்கிறோம். அடுப்படிக்கு வந்ததும் அதே கவலையை எடுத்துத் தலையில் வைத்துக்கொள்கிறோம். ஒப்படைத்தது உண்மையென்றால், திரும்ப எடுப்பது ஏன்?

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. அங்கே பெரியகோவிலூரில், ஐயாற்றின் கரையில், அறம்வளர்த்த நாயகியுடன் அருள்பாலிக்கிறார் அறப்பளீஸ்வரர். தேவாரத்தில் பெயர் இடம்பெற்ற வைப்புத் தலம். இவரை விளித்து 18-ம் நூற்றாண்டில் அம்பலவாணக் கவிராயர் பாடியதுதான் அறப்பளீசுர சதகம். இராம நாடகக் கீர்த்தனை தந்த சீர்காழி அருணாசலக் கவிராயரின் புதல்வர் இவர்.

பக்திப் பாடல்கள் என்று நினைத்து அதைப் பிரித்தால் வியந்துபோவீர்கள். நல்ல பிள்ளை யார், உடன்பிறந்தவர்கள் எப்படி இருக்க வேண்டும், பணத்தை எப்படிச் சேர்ப்பது... ஏன், எந்தக் கிழமையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாம், எந்தக் கிழமையில் புதுச் சேலை கட்டலாம் என்பது வரை உண்டு! (பெண்களைப் பற்றி அதில் சொல்லியிருப்பவற்றில் சிலவற்றை இன்று ஏற்க முடியாது. அது வேறு விஷயம்.) ஆனால், எதைச் சொன்னாலும் பாட்டை முடிக்கும்போது அறப்பளீஸ்வரரை அழைத்தே முடிக்கிறார் கவிராயர். எண்ணெய்க் குளியலும் ஈசனின் ஆளுகைக்கு உட்பட்டதுதான் அவருக்கு.

அதில் இன்னொன்றையும் கவனியுங்கள். முதலில் வருவது நாம் செய்ய வேண்டியது. கடைசியில் வருவதுதான் அவன் பெயர். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறித்தான் மலைக்குப் போக வேண்டும். 'சாமி பார்த்துக்கும்' என்று ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கிற டிரைவரின் பஸ்ஸில் நீங்கள் ஏறுவீர்களா? வரன் விசாரிப்பதும், டாக்டரிடம் அழைத்துப் போவதும் நம் கை வேலை. அதன் பிறகு வருவதுதான் அவன் கையில்.

சரி, எல்லாம் செய்தும் நடக்கவில்லையே என்பவர்களுக்கு? இந்தத் தலத்தில் ஒரு கதை சொல்வார்கள். ஐயாற்று மீனைப் பிடித்து, வெட்டிச் சமைத்தபோது, துண்டான மீன் ஒன்றுசேர்ந்து ஆற்றுக்குள் துள்ளிவிட்டதாம். கேட்கும்போது சிலிர்க்கிறது. ஆனால், பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் இதைக் கேட்டால் என்ன நினைப்பாள்? மீனுக்கு இரங்கியவன் எனக்கு ஏன் இரங்கவில்லை என்றுதானே! அவளிடம் 'கர்மா' என்று சொல்லிவிட்டு நகர்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

அவளிடம் நான் இத்தலத்தின் மற்றொரு கதையைத்தான் சொல்வேன். உழவர் ஒருவரின் ஏர் பட்டு ரத்தம் பெருக்கியபடி வெளிப்பட்ட சுயம்பு லிங்கமாம் இது. அந்தத் தழும்பு இன்னும் திருமுடியில் இருப்பதாகச் சொல்கிறார்கள். உழவரை அவர் தண்டிக்கவில்லை. காயத்தோடு அங்கேயே இருந்துவிட்டார். வலி தெரிந்த ஒருவர் முன்னால் போய் நின்று அழலாம், சண்டையும் போடலாம்.

போகிறவர்கள் ஆற்று மீன்களுக்கு மறக்காமல் பொரி வாங்கிப் போடுங்கள். அருகிலுள்ள ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேல் படி இறங்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள், 'அவன் பார்த்துக்கொள்வான்' என்று இறங்கிவிடாதீர்கள். திரும்பி ஏற வேண்டியது நீங்கள்தான்!