மேனாட்டார் கண்ட புத்தர்

ஆண்டவனைப் பற்றிய நம்பிக்கை போயிற்று. ஆனால் அறத்தைக் கைவிட மனம் வரவில்லை! பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியப் படிப்பாளிகள் பலரை வாட்டிய நிலை இது. 1859இல் டார்வினின் நூல் வெளிவந்தது. ஆறு நாளில் உலகம் பிறந்த கதை முன்னினும் ஆட்டங்கண்டது. படைத்தவனே ஐயத்துக்குரியவனானால், கொல்லாதே, களவாடாதே என்பது யாருடைய ஆணை? மாதா கோயிலில் அவர்களுக்கு விடை கிடைக்கவில்லை.

அந்த வேளையிலேதான் புத்தர் அவர்தம் நூலகத்துள் நுழைந்தார். கவிமணி தமிழில் 'ஆசிய ஜோதி'யாகத் தந்தாரே, அதன் மூலநூலை எட்வின் ஆர்னால்டு 1879இல் வெளியிட்டார். மறு ஆண்டே அமெரிக்கரான கர்னல் ஆல்காட், இலங்கையின் காலி நகரில் பஞ்சசீலம் ஏற்றார். படைப்புக் கடவுள் வேண்டாம். ஏட்டில் உள்ளது, ஆசான் சொன்னார் என்பதற்காக எதையும் ஏற்க வேண்டாம். இருந்தும் ஒழுக்கம் உண்டு! இப்படி ஒரு நெறியா என வியந்தனர்.

கண்டியில் பல்லின் பெயரால் நடைபெறும் யானை ஊர்வலத்தைக் கண்டு மயங்கியவர்களல்லர் இவர்கள். ஏட்டில் கண்ட புத்தரையே விரும்பினர். அதை நாம் குறை கூறோம். பதரைத் தூற்றி மணியைக் கொள்வது அறிவுடைமையே. ஆனால், பதரென்று எதைத் தூற்றினர்?

1979இல் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில் கபாட்-ஜின் என்பார், தீரா வலியால் துடிப்போர்க்குத் தியானத்தைச் சமயச் சார்பின்றிக் கற்பிக்கத் தொடங்கினார். நல்ல பணி, மறுப்பார் யார்? அப்பயிற்சி பின்னர்ப் பெரும் வணிக நிறுவனங்களுக்குள்ளும் புகுந்தது. ஓயாத வேலையால் நெஞ்சு படபடப்பவனிடம், "மூச்சைக் கவனி" என்கின்றனர். அவன் வேலை நேரத்தைக் கவனிப்பவர் யார்?

துன்பத்துக்கு வேட்கையே காரணமென்று புத்தர் சொன்னாரே என்பர். சொன்னார். எவருடைய வேட்கை? தொழிலாளியின் துன்பத்தில் முதலாளியின் இலாப வேட்கைக்குப் பங்கே இல்லையா? துறவு பூண வந்த சாக்கியக் குலமக்கள், தம் செருக்கு அடங்கவேண்டி நாவிதர் உபாலிக்கே முதலில் துறவு தருமாறு வேண்டினர். அப்படியே தந்தார் புத்தர் என்கின்றன பௌத்த நூல்கள். முன் துறந்தவரைப் பின் துறந்தவர் வணங்கவேண்டும். குலமக்கள் நாவிதரை வணங்கினர்! மூச்சுப் பயிற்சி வகுப்பில் இதற்கு இடமுண்டா?

1898இல் அயோத்திதாச பண்டிதர், அதே ஆல்காட்டின் துணையுடன் கொழும்பு சென்று பௌத்தம் தழுவினார். மேனாட்டான் மன அமைதி தேடிய இடத்தில் இவர் மானம் தேடினார். 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில், இலட்சக்கணக்கானோருடன் டாக்டர் அம்பேத்கர் ஏற்றதும் அந்நெறியையே. அவரும் பொறுக்கித்தான் எடுத்தார். நால்வகை வாய்மைகளையே, இவை புத்தர் வாக்குத்தாமா என வினவினார். அன்று அவர் ஏற்பித்த 22 உறுதிமொழிகளுள், மாந்தர் அனைவரும் சமம் என்பதும் ஒன்று.