மண்ணீரலைக் காக்கும் நெறிமுறைக்கு மதிப்பெண் போடுவது எப்படி?

விபத்தில் மண்ணீரல் கிழிந்தால் அதை எடுத்துவிடுவதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. மண்ணீரல் எடுக்கப்பட்ட குழந்தைகள் சிலரைக் கடும் கிருமித்தொற்று தாக்கியதை 1952-இல் மருத்துவர்கள் கிங்கும் ஷூமேக்கரும் எழுதிய பிறகு, உறுப்பைக் காப்பாற்றும் யோசனை மெல்ல வலுத்தது. அதில் ஒரு வழி எம்போலைசேஷன்: தொடைத் தமனி வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, மண்ணீரல் தமனியை உலோகச் சுருளால் அடைப்பது. இரைப்பைப் பக்கமிருந்து வரும் கிளைகள் ரத்தம் கொடுப்பதால் உறுப்பு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

யாருக்குச் செய்வது? ரத்த அழுத்தம் சரிந்து நிலைகுலைந்தவருக்கு அறுவைதான். அதில் பெரிய தகராறு இல்லை. நிலையாக இருப்பவரிடம்தான் குழப்பம். ஆதாரங்களில் பெரும்பகுதி பழைய நோயாளிக் கோப்புகளைப் புரட்டி எழுதியவை. காயம் மோசமானவர்களுக்கே அடைப்பு செய்திருப்பார்கள். அப்புறம் ஒப்பீடு எங்கே நேர்மையாக இருக்கும்? பிரான்ஸில் 16 மருத்துவமனைகளில் 140 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஸ்ப்ளாஷ் ஆய்வு 2020-இல் வந்தது. முன்கூட்டியே அடைத்தாலும், கண்காணித்துத் தேவைப்படும்போது அடைத்தாலும், ஒரு மாதத்தில் மண்ணீரல் தப்பிய விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் கண்காணிப்பில் இருந்தவர்களில் 10-க்கு சுமார் 3 பேருக்குப் பின்னர் அடைக்க வேண்டியிருந்தது. ஒரே ஆய்வை இரு கட்சியும் தமக்குச் சாதகமாகப் படிக்கலாம்.

இப்படி உறுதியற்ற சான்றுகளின் மேல் எழுந்த சிகிச்சை நெறிமுறைகளை எடைபோட உலகெங்கும் பயன்படுவது அக்ரீ-2 என்ற கருவி. 6 பிரிவுகள், 23 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். குறைந்தது இருவர் தனித்தனியே போட வேண்டும். ஆதாரத்தை எப்படித் தேடினார்கள், பரிந்துரையை அதோடு எப்படி இணைத்தார்கள், குழுவினருக்குச் சொந்த ஆதாயம் உண்டா என்றெல்லாம் கேட்கும். ஆனால் பரிந்துரை மருத்துவரீதியாகச் சரியா என்று கேட்காது. பலவீனமான சான்றுகளை ஒழுங்காகத் தொகுத்தவர்கள் நல்ல மதிப்பெண் வாங்கிவிடலாம்.

அந்த 6 பிரிவுகளில் எனக்கு முக்கியமாகப் படுவது நடைமுறைப்படுத்தும் வசதி பற்றிய பிரிவு. நள்ளிரவில் ஆஞ்சியோகிராம் அறையும் கதிரியல் நிபுணரும் இல்லாத மருத்துவமனை என்ன செய்ய வேண்டும், எந்தக் கட்டத்தில் நோயாளியை வேறிடம் அனுப்ப வேண்டும்? அடைத்த பிறகு எப்போது மறுபடி ஸ்கேன்? மண்ணீரலை எடுத்தவருக்கு நிமோகாக்கஸ் தடுப்பூசி கட்டாயம். தமனியை மட்டும் அடைத்தவருக்கும் தேவையா? பணியிலிருக்கும் மருத்துவர் நெறிமுறையைப் புரட்டுவது இந்தக் கேள்விகளுக்குத்தான்.