ஏழு ஆண்டுக் கெடு

2009இல் டெக்சாஸில் வேலை போனது. கடன் அட்டைத் தவணைகள் தவறின. அடுத்த ஆண்டே வேலை கிடைத்து முழுவதையும் அடைத்தேன். அடைத்தாலும், தவறிய தவணை கடன் அறிக்கையில் ஏழு ஆண்டுகள் நிற்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. திவாலானால் பத்து ஆண்டுகள்.

2016இல் அந்த வரிகள் தாமாக மறைந்தன. யாரும் மன்னிக்கவில்லை, திருந்தினாயா என்று யாரும் கேட்கவுமில்லை. நாள் கடந்தது, அவ்வளவுதான்.

காலாவதியான பதிவுகளை நீக்கும் நிரல்களை எழுதுபவன் நான். ஆனாலும் இது உறுத்தியது. கடன் கொடுப்பவருக்கு முழு உண்மை தெரிய வேண்டாமா? 1,50,000 டாலரோ அதற்கு மேலோ கடன் கேட்டால் இந்தக் கெடு பொருந்தாது என்று சட்டமே விலக்கு வைத்திருக்கிறது. தொகை பெரிதானால் மறதிக்கு இடமில்லை போலும்.

யோசித்தால் ஒன்று புரிகிறது. நடந்ததைச் சட்டம் இல்லையென்று சொல்லவில்லை. இன்றைய என்னைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் உரிமையை மட்டும் அந்தப் பழைய வரியிடமிருந்து எடுத்துக்கொண்டது.

மதுரையில் என் சித்தப்பா மகன் இருக்கிறான். 2012இல், தங்கை கல்யாணத்துக்கு என்று இரண்டு லட்சம் வாங்கினான், திருப்பித் தரவில்லை. இன்றும் அவன் பேச்சு வந்தால் முதலில் அந்தத் தொகையைத்தான் சொல்கிறேன். முகம் தெரியாத நிறுவனங்கள்கூட என்னை ஏழு ஆண்டில் விட்டுவிட்டன.

பணம் வராமலே போகலாம். அவன் பெயருக்கு முன்னால் தொகையைச் சொல்வதை நிறுத்த வேண்டியவன் நான். கெடு எப்போதோ முடிந்துவிட்டது.