நாற்காலியை நகர்த்தாதவர்கள்

சீனாவில் ஸ்டார்பக்ஸ் காப்பிக் கடைகளுக்குள் ஒரு சோதனை நடந்தது. நடக்கும் வழியில் இரண்டு நாற்காலிகளை நெருக்கிப் போட்டுவிட்டு, வருகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார்கள். வடக்கே நூற்றுக்கு 16 பேர் நாற்காலியைத் தள்ளிவைத்துவிட்டுப் போனார்கள். தெற்கே அப்படிச் செய்தவர்கள் 6 பேர்தான். மற்றவர்கள் உடம்பை ஒடுக்கிக்கொண்டு இடுக்கில் நுழைந்து போனார்கள். அமெரிக்க உளவியலாளர் தாமஸ் டால்ஹெல்மும் உடன் ஆய்வாளர்களும் 2018இல் இதை வெளியிட்டார்கள். நான் காவிரியின் கடைமடையில், நெல் ஊரில் வளர்ந்தவன். வழியில் எது கிடந்தாலும் ஒதுங்கிப் போவதுதான் என் பழக்கம். அதை என் சுபாவம் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

இந்த வேறுபாட்டுக்கு அவர்கள் காட்டும் காரணம் வயல். சின்லிங் மலைத்தொடரும் ஹுவாய் ஆறும் சீனாவைக் குறுக்கே பிரிக்கின்றன. பொதுவாக, அந்தக் கோட்டுக்கு வடக்கே கோதுமை, தெற்கே நெல். கோதுமையை விதைத்துவிட்டு மழையை நம்பியிருக்கலாம். ஒரு குடும்பம் தன் நிலத்தைப் பெரும்பாலும் தானே பார்த்துக்கொள்ளும். நெல் அப்படி விடாது. இயந்திரம் வருவதற்கு முந்தைய காலத்தில் அதற்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு உழைப்பு வேண்டும். பறித்த நாற்று காத்திருக்காது. நடவு என்றால் ஒரு வீட்டு ஆட்கள் போதாது. தண்ணீரோ பொது. மேல்வயலிலிருந்து விட்டால்தான் கீழ்வயல் நனையும். வாய்க்கால் தூர்வார ஒரு வீடு வராமல் நின்றால் அடுத்த ஆண்டு நான்கு வீடு வராது. பக்கத்து வயல்காரர் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் அடுத்த முறைத்தண்ணீருக்கு அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும். இப்படிப் பல நூறு ஆண்டுகள் வாழ்ந்தவர்களுக்கு, முகத்துக்கு நேரே மறுத்துப் பேசாத நாக்கு வராமல் வேறு எது வரும்?

2014இல் வந்த டால்ஹெல்ம் குழுவின் முதல் ஆய்வில் கலந்துகொண்ட 1,162 பேரும் ஹான் சீனர்கள், கல்லூரி மாணவர்கள். சேற்றில் கால் வைத்திராத பிள்ளைகளே அதிகம் இருந்திருப்பார்கள். ரயில், பேருந்து, தண்டவாளம் இவற்றில் எந்த இரண்டு சேரும் என்று கேட்டால், நெல் மாகாணத்துப் பிள்ளைகள் ரயிலையும் தண்டவாளத்தையும் சேர்ப்பது அதிகம். ஒன்றில்லாமல் மற்றது ஓடாது. கோதுமைப் பகுதியினர் ரயிலையும் பேருந்தையும் ஒரே வகை என்று சேர்ப்பது அதிகம். தன்னையும் நண்பர்களையும் வட்டங்களாக வரையச் சொன்னபோது, கோதுமைப் பகுதியினர் தம் வட்டத்தைச் சராசரியாக 1.5 மில்லிமீட்டர் பெரிதாகப் போட்டார்கள். நெல் பகுதியினரிடம் அந்த வித்தியாசமே அநேகமாக இல்லை.

இதைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கையும் எழுகிறது. எல்ஸ்வொர்த் ஹண்டிங்டன் 1915இல் எழுதிய ‘நாகரிகமும் தட்பவெப்பமும்’ என்ற நூலில், மிதமான குளிர் நாட்டினரே சுறுசுறுப்பானவர்கள் என்று வாதிட்டார். வெயில் நாட்டவரை ஆள்வதற்கு அந்த மாதிரிப் பேச்சு எத்தனை வசதியாக இருந்தது என்று நமக்குத் தெரியும். நெல் ஆய்வு அந்த வழியில் போகவில்லை என்றே நினைக்கிறேன். மண் தானாக மனிதரை வார்ப்பதில்லை. அந்த மண்ணில் யாரோடு சேர்ந்து உழைக்க நேர்கிறது என்பதுதான் வார்க்கிறது. வடமேற்கே நிங்சியாவில் இதற்குச் சான்று கிடைத்தது. அங்கே இரண்டு அரசுப் பண்ணைகள், தட்பவெப்பம் ஒன்றுதான். 1949க்குப் பிறகு அரசு அனுப்பிய மக்கள் ஒன்றில் நெல் பயிரிட்டார்கள், மற்றதில் கோதுமை. எங்கே போவது என்று அவர்கள் தேர்ந்துகொள்ளவில்லை. 2024இல் வெளியான ஆய்வில், அந்தச் சில பத்தாண்டுகளுக்குள்ளேயே இரு பண்ணைக்காரர்களின் மனப்போக்கும் வேறுபட்டிருந்தது.

அந்த வேறுபாடுகளில் ஒன்றைத்தான் என்னால் கடந்துபோக முடியவில்லை. நெல்காரர்கள் நண்பருக்கும் அந்நியருக்கும் இடையே கோதுமைக்காரர்களைவிட அதிக பேதம் பார்த்தார்கள். தெரிந்தவரிடம் பரிவு, தெரியாதவரிடம் கறார். ஒற்றுமை என்று நாம் புகழ்வதன் மறுபக்கம் இது.

எங்கள் டெல்டாவை வைத்துப் பார்த்தால் இன்னும் கசப்பான கேள்வி வருகிறது. நெல்லுக்குக் கூட்டு உழைப்பு வேண்டும், சரி. அந்த உழைப்பைச் சீன நெல் ஊர்களில் குடும்பங்கள் பெரும்பாலும் கைமாற்றாகக் கொடுத்து வாங்கின. தஞ்சைப் பகுதியில் அதைப் பண்ணையாள் முறை வாங்கிக் கொடுத்தது. நாற்று நட்டவர்களும் அறுத்தவர்களும் சேரியில் இருந்தார்கள்; நிலமும் மகசூலும் வேறு தெருவில் இருந்தன. பல ஏரிப் பாசன ஊர்களில் மடைக்கு மடை தண்ணீர் பங்கிட்ட நீர்க்கட்டியும் அநேகமாகத் தலித்தாகவே இருந்தார். எந்த வயலுக்கு எவ்வளவு என்று அவர் கைக்குத் தெரியும், ஆனால் ஊரார் தண்ணீர் குடிக்கும் கிணற்றில் அவருக்கு இடமில்லை. 1968 டிசம்பர் 25 இரவு எங்கள் டெல்டாவின் கீழ்வெண்மணியில், சேரியைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அவர்கள் தரப்பு கேட்டது கூலி உயர்வு. இவ்வளவு நெருங்கி உழைக்க வைக்கும் பயிர்தான் அங்கேயும் விளைந்தது.

அதனால் நெல் ஒற்றுமையைத் தருகிறது என்று யாராவது சொன்னால், யாருக்கும் யாருக்கும் இடையே என்று கேட்கத் தோன்றுகிறது. ஒதுங்கிப் போகும் என் பழக்கத்தையும் அப்படித்தான் பார்க்கிறேன். அதில் பக்கத்து வயல்காரரை மதிக்கும் பண்பு உண்டு; அதை விட எனக்கு மனமில்லை. ஆனால் அநியாயம் வழியில் கிடக்கும்போது அதையும் சுற்றிப்போகும் பயிற்சி அதற்குள்ளேயே இருக்கிறது. சில நாற்காலிகளை நகர்த்தத்தான் வேண்டும்.

இப்போது டெல்டாவில் நடவு இயந்திரம் வந்துவிட்டது. நேரடி விதைப்பும் உண்டு. கை நடவு நடக்கும் வயல்கள் சிலவற்றில் நடுகிறவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள். ஊரில் உறவில்லை, சீட்டில்லை, கோயில் திருவிழாவில் பங்கில்லை. நெல் ஊர் இதுவரை பழகாத வகை அந்நியர்கள். அவர்கள் படுக்கும் கொட்டகைக்கு விளக்கு உண்டா, பேசிய கூலி பேசியபடி கைக்குப் போகிறதா, காய்ச்சல் வந்தால் யார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறார்கள் என்று ஊருக்குப் போகும்போதெல்லாம் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். முகம் சுளிக்கிறவர்கள் என் பங்காளிகள்தான். கேட்பதை நான் நிறுத்தவில்லை.